முகப்பருக் குழிகளுக்கு லேசர் யாருக்குப் பொருந்தும்?

கேட்டவர் 26 வயதுப் பெண்; மாநிறம். பதினேழு வயதில் தொடங்கிய பருக்கள் இரு கன்னங்களிலும் குழிகளை விட்டுச் சென்றிருக்கின்றன. இப்போதும் மாதத்துக்கு இரண்டு மூன்று பருக்கள் வந்துபோகின்றன. ஒரு கிளினிக்கில், ஆறு முறை லேசர் செய்துகொண்டால் முகம் வழுவழுப்பாகிவிடும் என்று சொல்லி, ஆறுக்குமான தொகையை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். ஏழு மாதத்தில் திருமணம். லேசர் தமக்குப் பொருந்துமா என்பது அவர் கேள்வி.

தோல் மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில், எந்தக் கருவி நல்லது என்பதிலிருந்து நான் இதைத் தொடங்க மாட்டேன். உங்கள் முகத்தில் இருக்கும் குழி எந்த வகை, காயம் பட்டால் உங்கள் தோல் எப்படி நடந்துகொள்ளும் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் விடையில் முக்கால் பங்கு தெரிந்துவிடும். இவை இரண்டையும் பார்க்காமல் ‘ஆறு சிட்டிங்’ என்று எண்ணிக்கை சொல்பவர், நாடி பிடிக்காமலேயே மருந்து எழுதுகிறார்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தழும்பு என்ற ஒரே சொல்லை நாம் மூன்று வெவ்வேறு பொருளில் பயன்படுத்துகிறோம். பரு ஆறிய இடத்தில் நிற்கும் பழுப்பு அல்லது கறுப்பு நிறத் தடம் ஒன்று. சிவந்த தடம் ஒன்று. தோல் உள்வாங்கிப் பள்ளமாகிப்போன இடம் ஒன்று. முதல் இரண்டும் உண்மையில் வடுக்கள் அல்ல. தோலின் அமைப்பு அங்கே கெடவில்லை, நிறம் மட்டுமே மாறியிருக்கிறது. வெயிலிலிருந்து காத்து, தகுந்த களிம்பையும் தடவி வந்தால் பெரும்பாலும் மாதங்களில் அவை மங்கும். மூன்றாவதுதான் குழி. அது தானாக நிரம்பாது. எந்தக் களிம்பாலும் ஆழமான குழியை மேலே எழுப்ப முடியாது.

எது எதுவென்று பிரித்தறிய வீட்டிலேயே ஒரு வழி உண்டு. மாலையில் அறையின் குழல்விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு ஜன்னலுக்குப் பக்கவாட்டில், கன்னத்தில் வெளிச்சம் சாய்வாக விழும்படி நின்று கைக்கண்ணாடியில் பாருங்கள். ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் பிறை போல ஒரு நிழல் விழும். நிழல் விழாத கறுப்பு, நிறத் தடம். நிழல் விழுவது குழி. அடுத்து, ஒரு குழியின் இருபுறமும் இரண்டு விரல்களை வைத்துத் தோலை மெல்ல இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது குழி மறைந்துவிடுகிறதா, ஆழம் அப்படியே நிற்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நானும் இதைத்தான் செய்கிறேன். ஜன்னலுக்குப் பதிலாக என்னிடம் ஒரு டார்ச் இருக்கிறது, அவ்வளவுதான்.

உள்வாங்கிய குழிகளை மருத்துவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஐஸ்பிக் என்பது ஊசியால் குத்தியது போன்றது: வாய் 2 மில்லிமீட்டருக்கும் குறுகலாக இருக்கும், ஆழமோ அடித்தோல் வரை, சில வேளை அதற்குக் கீழும் போகும். பாக்ஸ்கார் என்பது பெட்டியின் ஓரம் போல வெட்டென இறங்கும் விளிம்பு கொண்ட அகன்ற குழி; அம்மைத் தழும்பைப் பார்த்தவர்களுக்கு இதன் உருவம் உடனே விளங்கும். ரோலிங் என்பது விளிம்பே தெரியாமல் மேடும் பள்ளமுமாக அலை போல ஓடும் பரப்பு. கீழிருந்து நார்த்திசு தோலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பதால் உண்டாவது. மூன்றில் அதிகம் காணப்படுவது ஐஸ்பிக். பெரும்பாலானோர் முகத்தில் மூன்றும் கலந்தே இருக்கின்றன. ஒரே கருவியால் முகம் முழுவதையும் சரிசெய்வதாகச் சொல்லும் விளம்பரத்தை நம்ப முடியாமல் போவது இந்த இடத்தில்தான்.

லேசர் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் யாருக்குப் பொருந்தும் என்பது அதிலிருந்துதான் பிறக்கிறது. குழிக்கு இன்று மிகுதியாகப் பயன்படுவது கார்பன் டை ஆக்சைடு லேசர். இதை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் குமார் படேல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. இதன் அலைநீளம் 10,600 நானோமீட்டர். அந்தக் கதிரை உறிஞ்சிக்கொள்வது தோலில் உள்ள நீர். நீர் நொடிக்கும் குறைந்த நேரத்தில் கொதித்து ஆவியாக, அந்த இடத்துத் திசுவும் உடன் போகிறது. சுற்றிலும் மெல்லிய அளவில் வெந்த பகுதி நிற்கிறது. அந்தக் காயத்தை ஆற்றும் முயற்சியில் உடல் புதிய கொலாஜனை, அதாவது தோலைத் தாங்கி நிற்கும் புரதத்தை, உண்டாக்குவதால் குழியின் தரை சற்று எழும்புகிறது, விளிம்பு மழுங்குகிறது. குழியை நிரப்புவது கதிரல்ல. கதிர் உண்டாக்கிய காயத்தை ஆற்ற முனையும் உங்கள் உடல்தான். இதை மறந்துவிட்டால் மற்றதெல்லாம் புரியாமல் போகும்.

1990-களில் இந்த லேசரால் முகத்தின் மேல்தோல் முழுவதையும் ஒரே வீச்சில் சீவி எடுத்தார்கள். பலன் கிடைத்தது, ஆனால் மாதக்கணக்கில் சிவப்பு, மாநிறத் தோலில் கடும் கறுப்பு, சிலருக்குப் பின்னாளில் நிறமே அற்றுப்போன வெளிறிய முகம் என்று அதற்குக் கொடுத்த விலை பெரிது. 2004-ல் பாஸ்டனில் டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன் முதலியோர் வேறொரு வழியை முன்வைத்தனர். தோலை முழுவதும் சுடாமல், முடியின் பருமனை ஒத்த நுண்ணிய தூண்களாக மட்டும் சுட்டு, இடையிடையே தோலை அப்படியே விட்டுவிடுவது. விடுபட்ட நல்ல தோலிலிருந்து செல்கள் பரவி, சுட்ட இடத்தை ஓரிரு நாளில் மூடிவிடுகின்றன. இதுவே ஃபிராக்ஷனல் முறை. நெல் நாற்றங்காலில் இடைவெளி விட்டுப் பிடுங்குவது போல என்று என் ஆசிரியர் ஒருவர் சொல்வார். உவமை முழுவதும் பொருந்தாது, ஆனால் மறப்பதில்லை. இம்முறையிலேயே மேல்தோலைத் துளைக்காமல் உள்ளே மட்டும் சூடேற்றும் 1,550 நானோமீட்டர் எர்பியம் கிளாஸ் லேசரும் உண்டு. துளைப்பவற்றுள் 2,940 நானோமீட்டர் எர்பியம் யாக் லேசரும் உண்டு. பின்னதன் கதிரை நீர், கார்பன் டை ஆக்சைடு கதிரைக் காட்டிலும் பத்து மடங்குக்கும் மேலாக உறிஞ்சுவதால் சுற்றுத் திசு வேகுவது குறைவு.

இனி நம் தோலுக்கு வருவோம். கார்பன் டை ஆக்சைடு லேசர் நீரைத்தான் தேடுகிறது, நிறமியைத் தேடவில்லை. அப்படியிருக்க மாநிறத்தார் ஏன் அஞ்ச வேண்டும் என்று படித்தவர்களே கேட்பதுண்டு. அச்சம் கதிரைப் பற்றியதன்று, சூட்டுக்குப் பின் வரும் அழற்சியைப் பற்றியது. நம் தோலில் மெலனின் உண்டாக்கும் செல்கள் எளிதில் தூண்டப்படுபவை. எந்த அழற்சி வந்தாலும் அவை நிறமியைக் கொட்டிவிடுகின்றன. பரு ஆறியபின் கறுப்பதும் இதே வழியில்தான். தோலின் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975-ல் வந்தபோது வெள்ளைத் தோலுக்கான நான்கு வகைகளே அதில் இருந்தன. ஐந்தும் ஆறும் பிற்பாடு சேர்க்கப்பட்டவை. தமிழர்களில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து ஆகிய வகைகளில் வருகிறோம். ஆகவே வெள்ளைத் தோலுக்கென்று வகுத்த கருவி அளவுகளை அப்படியே நம் கன்னத்தில் வைத்தால், குழி சற்றே குறைந்து அதன்மேல் ஒரு கறுப்புத் திரை மூன்று, நான்கு மாதம், சில வேளை அதற்கும் மேலாக நிற்கும்.

நிறத்தின் வகையைக் காட்டிலும் நான் நம்புவது ஒரு சிறிய கேள்வியை: தாளிக்கும்போது எண்ணெய் தெறித்தால் உங்கள் முன்கையில் என்ன ஆகிறது? இரண்டு வாரத்தில் சுவடில்லாமல் போகிறதா, கறுத்துப்போய் அடுத்த பொங்கல் வரை நிற்கிறதா, தடித்து எழும்பி நின்றுவிடுகிறதா? முதல் வகையினர் லேசருக்கு நல்ல உடல்வாகு கொண்டவர்கள். இரண்டாம் வகையினருக்கு லேசர் செய்யலாம், ஆனால் தூண்களின் அடர்த்தியைக் குறைத்து, முறைகளுக்கு இடையே கூடுதல் வாரங்கள் விட்டு, முன்பும் பின்பும் வெயில் காப்பைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்துச் செய்ய வேண்டும். மூன்றாம் வகையினர், அதாவது கீலாய்டு வளரும் உடல்வாகு உள்ளவர்கள், முகத்தில் இந்த லேசரை எண்ணியே பார்க்க வேண்டாம். தாடையோரத்திலோ மார்பிலோ தோளிலோ பருக்கள் ஆறிய இடம் ரப்பர் போலப் புடைத்திருந்தால் அதற்கு முதல் மருத்துவம் அத்தழும்புக்குள்ளேயே செலுத்தும் ஸ்டீராய்டு ஊசி.

இந்த இரண்டு விடைகளையும் சேர்த்துப் பார்த்தால், லேசரால் அதிகம் பயன்பெறுபவர் யார் என்பது தெளிவாகும். பருக்கள் நன்கு அடங்கியவர், ஆழம் அதிகமில்லாத பாக்ஸ்கார் குழிகளும், தோலை இழுத்தால் மறையும் பள்ளங்களும் கொண்டவர், காயம் எளிதில் ஆறும் உடல்வாகு உள்ளவர், சில நாள் வீட்டில் இருக்கவும் சில மாதம் வெயிலைத் தவிர்க்கவும் முடிந்தவர், முழுமையை எதிர்பாராதவர். இந்தக் கடைசித் தகுதியை நான் வேடிக்கைக்காகச் சேர்க்கவில்லை. 2012-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, துளைக்கும் ஃபிராக்ஷனல் லேசர்களில் தழும்பு 26 முதல் 83 விழுக்காடு வரையும், துளைக்காதவற்றில் 26 முதல் 50 விழுக்காடு வரையும் மேம்பட்டதாகக் காட்டியது. அந்த இடைவெளியின் அகலத்தைக் கவனியுங்கள். நூறு என்ற எண் அதில் எங்கும் இல்லை. பாதி குறைந்தால் அது நல்ல பலன். பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல்கள் மெலியும், ஒப்பனை சீராக உட்காரும், எதிரில் பேசுபவரின் கண் கன்னத்தில் நிற்காது.

ஆழமான ஊசிக்குழிகளே மிகுந்திருப்பவருக்கு லேசரை முதலில் வைப்பது பணவிரயம். கதிர் அந்த ஆழத்துக்குப் போவதில்லை. போகும் அளவுக்குச் சக்தியைக் கூட்டினால் மேல்தோல் கெடும். அத்தகைய குழிகளுக்கு டி.சி.ஏ. கிராஸ் என்ற முறை இருக்கிறது. கொரிய மருத்துவர்கள் 2002-ல் விவரித்த இம்முறையில், 65 முதல் 100 விழுக்காடு வரை செறிவுள்ள டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தைக் கூரிய குச்சி முனையில் தொட்டு ஒவ்வொரு குழியின் வாயிலும் அழுத்துவார்கள். சில நொடிகளில் அந்தப் புள்ளி வெண்மையாகும். பார்ப்பதற்கு எளிமையாகத் தோன்றும் இதை வீட்டில் செய்து முகத்தில் தீக்காயத்துடன் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அமிலம் குழிக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் வழிந்தாலும் குழி அகலமாகிவிடும். ரோலிங் பள்ளங்களுக்கோ முதலில் சப்சிஷன் வேண்டும்: தோலுக்கடியில் ஊசியைச் செலுத்தி, கீழ்நோக்கி இழுக்கும் நார்களை அறுத்துவிடுவது. ஓரிரு வாரம் கன்றிப்போயிருக்கும். கீழே கயிறு கட்டியிருக்கும்போது மேலே எத்தனை முறை லேசர் செய்தாலும் பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

பொறுத்திருக்க வேண்டியவர்களும் உண்டு. பருக்கள் இன்னும் தொடர்ந்து வருகிறவர் முதலில் அவற்றை அடக்க வேண்டும். இல்லையென்றால் ஒருபுறம் பழைய குழியைத் தூர்க்க, மறுபுறம் புதிய குழி விழுந்துகொண்டிருக்கும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் அவசரமில்லாத இச்சிகிச்சையைத் தள்ளிப்போடுவதே நல்லது. உதட்டில் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருபவர் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் லேசருக்குப் பின் அது முகமெங்கும் பரவக்கூடும். முன்கூட்டியே வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுத்தால் தடுத்துவிடலாம். வெண்புள்ளி, சொரியாசிஸ் போன்றவை தீவிரமாக உள்ளவர்களுக்குக் காயம்பட்ட இடத்திலேயே அந்நோய் புதிதாக முளைக்கும் இயல்பு உண்டு என்பதால் தவிர்ப்போம். முகம் வெளுக்க வேண்டுமென்று மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பை மாதக்கணக்கில் தடவியவர்கள் தனி ரகம். மெலிந்து, சிவந்து, தொட்டாலே எரியும் அந்தத் தோல் தேறிய பிறகே எதையும் எண்ண முடியும். நம் ஊரில் இவர்கள் எண்ணிக்கை சிறிதன்று.

கடும் பருக்களுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை உட்கொள்பவர்கள் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த விதி. 2017-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் கூடிச் சான்றுகளை ஆராய்ந்தபோது, துளைக்காத ஃபிராக்ஷனல் லேசருக்கும் அமிலம் பூசித் தோலை உரிக்கும் மேலோட்டமான பீலுக்கும் அந்தக் காத்திருப்புக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவு கூறினர்; தோல் முழுவதையும் சீவும் முறைகளுக்குத் தடை அப்படியே நிற்கிறது. ஆகவே மாத்திரை சாப்பிடுவதை மறைக்க வேண்டாம். எந்த லேசர் என்பதைப் பொறுத்தே விடை.

செய்துகொள்ளும் நாள் எப்படியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரத்துப்போகச் செய்யும் களிம்பைப் பூசி 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருப்பீர்கள். கண்களுக்குக் கவசம். லேசர் படும்போது ரப்பர் வளையத்தைச் சுண்டியது போன்ற எரிச்சலும், முடி கருகிய வாடையும் இருக்கும். வாடையைக் கண்டு பலர் திடுக்கிடுகிறார்கள், முன்னரே தெரிந்தால் பயமில்லை. அன்று இரவு கன்னம் வெயிலில் காய்ந்தது போல எரியும், காலையில் கண்ணோரம் சற்று வீங்கியிருக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் முகமெங்கும் கட்டம் கட்டமாகப் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். ஐந்து முதல் ஏழு நாளில் அவை தாமாக உதிரும். இந்த வாரத்தில் செய்ய வேண்டியது பெட்ரோலியம் ஜெல்லி பூசி ஈரப்பதம் காப்பது மட்டுமே, பிய்க்கக் கூடாது. மஞ்சளும் சந்தனமும் கற்றாழையும் வைத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்கள் அன்போடு வருவார்கள். அந்த ஒரு வாரம் அவர்களிடமிருந்து முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். தோல் மூடிய பிறகு எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை, வீட்டுக்குள் இருந்தாலும், பல மாதம் பூச வேண்டும். சித்திரை வெயிலில் இருசக்கர வண்டியில் அலைய வேண்டிய வேலையில் இருப்பவரை நான் ஐப்பசிக்குப் பிறகு வரச் சொல்வதுண்டு.

பொதுவாக மூன்று முதல் ஐந்து முறை தேவைப்படும். இடையே ஆறு முதல் எட்டு வாரம். கடைசி முறைக்குப் பிறகும் மூன்று முதல் ஆறு மாதம் வரை கொலாஜன் சீராகிக்கொண்டிருக்கும் என்பதால், பலனை அப்போதுதான் மதிப்பிட வேண்டும். குழி மீண்டும் வராது, புதிய பரு புதிய குழியை உண்டாக்கினாலொழிய.

பணம் கட்டும் முன் கருவியின் பெயரைக் கேளுங்கள். கார்பன் பீல் என்றும் லேசர் டோனிங் என்றும் விற்கப்படுபவை நிறமியைக் குறிவைக்கும் லேசர்கள். அன்றைக்கு முகம் பளிச்சென்று இருக்கும், குழி ஒரு நூலளவும் மாறாது. பல அலைநீள ஒளியைப் பாய்ச்சும் ஐ.பி.எல். என்பது லேசரே அன்று. செய்பவர் தோல் மருத்துவத்தில் முதுநிலைப் பட்டமோ பட்டயமோ பெற்றவரா, கருவியை அவரே பிடிக்கிறாரா, உதவியாளரிடம் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போகிறாரா என்று கேட்பதில் தவறில்லை. அழகுச் சிகிச்சை என்பதால் மருத்துவக் காப்பீடு பொதுவாக இதற்குக் கிடைக்காது. முழுச் செலவும் உங்கள் கையிலிருந்துதான். லேசர் கட்டுப்படியாகாதவர்களுக்கு மைக்ரோநீட்லிங் என்னும் நுண்ணூசி முறை குறைந்த செலவில் ஏறத்தாழ நிகரான பலனைப் பலருக்குத் தருகிறது. அதில் சூடு இல்லாததால் கறுக்கும் வாய்ப்பும் குறைவு. எளிதில் கறுக்கும் தோலுக்கு நான் பல வேளை இதையே முதலில் சொல்கிறேன்.

இனி உங்கள் முகத்துக்கு. இன்னும் பருக்கள் வருவதால் முதல் இரண்டு மாதம் அவற்றுக்கே: இரவில் அடாபலீன் போன்ற ரெட்டினாய்டு களிம்பு, தேவைப்பட்டால் மாத்திரை, மாதவிடாய் ஒழுங்கற்று இருந்தால் ஹார்மோன் பரிசோதனை. திருமண ஏற்பாடு தொடங்கிவிட்டதென்றால் கர்ப்பம் தரிக்கும் திட்டத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஐசோட்ரெட்டினோயின் கருவைக் கடுமையாகப் பாதிக்கும், நிறுத்திய பின்னும் ஒரு மாதம் வரை கருத்தரிக்கக் கூடாது. மூன்றாம் மாதத்தில் ஊசிக்குழிகளுக்கு டி.சி.ஏ., இழுபட்ட பள்ளம் இருந்தால் சப்சிஷன். அதே வருகையில் காதுக்கு முன்னே ஒரு நாணயம் அளவு இடத்தில் மட்டும் லேசரைச் சோதித்து ஆறு வாரம் பாருங்கள். பருக்கள் அடங்கியிருந்து, அந்த இடமும் கறுக்கவில்லையென்றால் ஒரே ஒரு முறை முழுக் கன்னத்துக்கும் செய்துகொள்ளலாம். முகூர்த்தத்துக்கு இரண்டரை மாதத்துக்குள் எதையும் தொடாதீர்கள். மிச்ச முறைகளைத் திருமணத்துக்குப் பின் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆறுக்குமான தொகையை இப்போது கட்ட வேண்டாம். ஒன்றுக்கு மட்டும் கட்டி, அதே ஜன்னல், அதே நேரம், அதே கோணத்தில் முன்பும் மூன்று மாதம் கழித்தும் எடுத்த இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டாவதுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.